அத்தானின் திங்கட்கிழமை

என் அக்காவுக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. குடிக்கலாம், குளிக்கலாம், துணி துவைக்கலாம். அதைத் தாண்டித் தண்ணீருக்கு ஒரு வேலை உண்டு என்று அவள் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. அப்படிப்பட்டவளைப் போய் நீச்சல்குளத்துக்காரருக்குக் கட்டி வைத்தார்கள். அத்தான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் முதலில் செய்வது அவர் தலையை முகர்ந்து பார்ப்பதுதான். குளோரின் வாசனை அடிக்கும். இன்றைக்கும் முழுகியாச்சா என்று முணுமுணுத்துக்கொண்டே துண்டை நீட்டுவாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்தக் கேள்வியும் மாறவில்லை, அதற்குள் இருக்கிற பயமும் மாறவில்லை.

நான் அவளுடைய தங்கை. அதே குளத்தில் டிக்கெட் கொடுக்கிறேன். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அவர்கள் வீட்டு மாடி அறை எனக்கு. ஆள் ஒல்லி, கோபம் சட்டென்று பற்றிக்கொள்ளும் என்பதால் அத்தான் எனக்கு வைத்த பெயர் தீக்குச்சி. வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டால் வாயைக் கிழித்துவிடுவேன். அவர் கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்த்துத் தொலைக்கிறேன்.

அவருக்கு ஊர் வைத்த பெயர் தவளை. பிள்ளைகளுக்குத் தவளை மாமா. அவருக்குத் தெரிந்தது ஒரே நீச்சல். காலை மடக்கி, விரித்து, தலையை மட்டும் தூக்கிக்கொண்டு, காய்கறி வாங்கப் போகிறவர் மாதிரி நிதானமாகப் போவார். அவர் அந்தக் குளத்துக்கு வேலைக்கு வந்தது படிக்கட்டு கூட்ட. அப்போது அவருக்கு நீந்தவே தெரியாது. யாராவது தத்தளித்தால் நீட்டுவதற்கு ஒரு நீளக் கழியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார். குளத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அன்றைக்கு ஆள் இருக்காது, சிரிக்க யாரும் இருக்க மாட்டார்கள். அந்தத் திங்கட்கிழமைகளில் தனியாக இறங்கி, கம்பியைப் பிடித்துக் காலை உதறி, தண்ணீரைக் குடித்துக் குடித்து, வயது முப்பதைத் தொடும்போது அவராகவே நீந்தக் கற்றுக்கொண்டு, அங்கேயே உயிர்காக்கிற ஆளாகவும் ஆனார். அதனால்தானோ என்னவோ, பயப்படுகிற பிள்ளைகளிடம் அவருக்கு அப்படி ஒரு பொறுமை.

மிதக்கக் கற்றுக்கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, முதுகுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுப்பார். கையை எடுத்துடாதீங்க மாமா, எடுத்துடாதீங்க என்று அது கத்தும். அவர் பாட்டுக்கு வானத்தில் போகிற காக்காயைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, "எடுத்து எவ்வளவு நேரமாச்சு" என்பார். இந்த வித்தையை நான் டிக்கெட் ஜன்னலிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் என்னால் சில்லறை எண்ண முடிந்ததில்லை.

பிள்ளைகளுக்கு அடுத்தபடி அவருக்குச் செல்லம் அந்தத் தண்ணீர்தான். காலையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் குளத்துத் தண்ணீரைப் பிடித்து, அதில் மருந்துத் துளியை விட்டு, எவ்வளவு மஞ்சளாகிறது என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். அதற்கேற்றபடி குளோரின் பவுடர் போடுவார். ஞாயிற்றுக்கிழமை ஊரே வந்து குளத்தில் விழும். அன்றைக்கு இரட்டிப்பாகப் போடுவார். திங்கட்கிழமை யாரும் இறங்க மாட்டார்கள், தண்ணீர் மேல் படுதா விரித்திருக்கும். அன்றைக்குப் பவுடர் கிடையாது. பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் கணக்கு அவர் ரத்தத்தில் ஊறிப்போனது. அதுதான் வினையாக முடிந்தது.

ஒரு நாள் பவுடர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் அப்படியே கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப்போயிருந்தது. எங்கள் குளத்தில் போட்டிக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற கோச்சம்மா ஓடிவந்து அவர் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். பார்த்தவள் என் பக்கம் திரும்பி, வண்டியைக் கூப்பிடு என்றாள். அந்தக் குரலில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை. இதயம் துரத்தப்பட்டவன் மாதிரி ஓடிக்கொண்டிருந்ததாம், அதுவும் தாளம் தப்பி. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அடக்கினார்கள்.

இதய டாக்டர் அங்கே செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் வருவார். சின்ன வயசுப் பெண். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் அதைத் தேடுகிற ரகம். பீட்டா பிளாக்கர் என்று ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, விடாமல் சாப்பிடணும் என்றார். அத்தானுக்கு மாத்திரையைப் பற்றி ஒரு சந்தேகமும் இல்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: தண்ணீரில் எப்போது இறங்கலாம்? நாடி ஒரு மாசம் ஒழுங்காக நிற்கட்டும், வாராவாரம் வந்து காட்டுங்கள், அதுவரை கரையில் நிற்கிற வேலை மட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தான் தலையை ஆட்டினார். எல்லாவற்றுக்கும் அப்படித்தான் ஆட்டுவார்.

குளத்து மேனேஜர் நல்ல மனுஷர்தான், ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள். இறங்க முடியாத ஆளைக் குளத்தில் வைத்துக்கொள்ள முடியாது, கொஞ்ச நாள் பொறுக்கிறேன், தேறவில்லை என்றால் அலுவலகத்துச் சாமான் கிடங்குக்குத்தான் அனுப்பணும் என்றார். கிடங்கு என்றால் ஜன்னல் இல்லாத அறையில் பழைய நாற்காலிகளுக்குக் காவல். அதைக் கேட்ட அன்றைக்கு அத்தான் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கா மட்டும், கிடங்கில் தண்ணீர் இல்லையே, அது ஒன்று போதாதா என்றாள். சொல்லிவிட்டு அவளே எழுந்து போய்ப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் மாத்திரையை விழுங்கிவிட்டு அத்தான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். குளத்துச் சுவரில் பெரிய கடிகாரம் ஒன்று இருக்கிறது. அதன் கீழே நின்று மணிக்கட்டைப் பிடித்து எண்ணிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எண்ணினார். பெரிதாக ஒன்றும் மாறவில்லை. என் ஜன்னலுக்கு வந்து, "பவுடர் பழசு போலிருக்கு" என்றார். மாத்திரையைத்தான் சொல்கிறார். நாலைந்து நாளில் நாடி தானாக இறங்கி ஒரு இடத்தில் நின்றது. ஆகா, சரக்கு நல்ல சரக்குதான், கொஞ்சம் மெதுவாகக் கரைகிறது என்று தீர்ப்பு சொன்னார்.

அந்த வாரம் ஆள் தெளிவாகத்தான் இருந்தார். சனிக்கிழமையும் நன்றாக இருந்தார். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போனால் நாடி தடதட என்று ஓடுகிறது. டாக்டர் புருவத்தைச் சுருக்கி மாத்திரையின் அளவைக் கூட்டினார். அடுத்த செவ்வாயும் அதே கதை. நடுவில் எந்த நாளில் கோச்சம்மா கைவைத்துப் பார்த்தாலும் ஒழுங்காக இருக்கிறது. டாக்டர் கைவைத்தால் மட்டும் ஓடுகிறது. டாக்டரம்மாவைப் பார்த்துப் பயப்படுகிறீர்களா என்று நான் கிண்டல் செய்தேன். அவரும் சிரித்தார். ஆனால் ஒரு நாள் குளம் மூடின பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தபடி நின்றதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்குக் கிண்டல் வரவில்லை.

வீட்டில் அக்கா இன்னமும் தலையை முகர்ந்துகொண்டுதான் இருந்தாள். வாசனை இல்லை. அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இத்தனை வருஷமாகக் கேட்டது கிடைத்தாயிற்று. ஆனால் துண்டை எடுத்துக்கொண்டு வந்தவள் தலை ஈரமில்லாததைப் பார்த்துவிட்டு, அந்தத் துண்டை என்ன செய்வதென்று தெரியாமல் தன் தோளிலேயே போட்டுக்கொள்வாள். எனக்குப் பாவமாக இருந்தது. இருவரையும் பார்த்தால் பாவமாகவும் கோபமாகவும் இருந்தது.

இரண்டாம் தடவையும் அளவைக் கூட்டின பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை. வெயில் கொளுத்தியது, டிக்கெட் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. கரையில் அத்தான் விசிலோடு நடந்துகொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளாடுகிற மாதிரி எனக்குப் பட்டது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். ஆழமான பக்கத்தில் போய்க் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடிக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. சட்டை, செருப்பு, விசிலோடு அப்படியே தலைகுப்புற உள்ளே போனார்.

தவளை மாமா குதித்துவிட்டார் என்று பிள்ளைகள் கைதட்டின. அத்தனை நாளாக இறங்காதவர் இறங்கிவிட்டார் என்று அதுகளுக்கு ஒரே கொண்டாட்டம். அந்தக் கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் ஜன்னலுக்குள்ளேயிருந்து கத்துகிறேன், ஒருவருக்கும் கேட்கவில்லை. நல்லவேளை, கோச்சம்மா அவர் குதிக்கிற விதம் தெரிந்தவள். அவர் மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் ஒருநாளும் குதித்ததில்லை. இரண்டே வீச்சில் போய், சட்டைக் காலரைப் பிடித்து மேலே கொண்டுவந்துவிட்டாள். கரையில் கிடத்தினபோது இருமினார், கண்ணைத் திறந்தார். "குழாய் உடைஞ்சிடுச்சா?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை இன்னொரு தடவை உள்ளே தள்ளியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் இந்தத் தடவை நேர் எதிராகச் சொன்னார்கள். நாடி ரொம்ப மெதுவாக, ரத்த அழுத்தமும் கீழே. மாத்திரை அதிகமாகிவிட்டது போலிருக்கிறது, இன்று ராத்திரி மாத்திரை மட்டும் வேண்டாம், நாளை காலையிலிருந்து ஆரம்பத்தில் கொடுத்த சின்ன மாத்திரையைச் சாப்பிடட்டும், செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். மேனேஜர் வாசலில் காத்திருந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. செவ்வாய்க்கிழமை டாக்டர் கையால் ஒரு வரி வேண்டும் என்றார். இறங்கலாமா கூடாதா என்று. கூடாது என்றால் புதன்கிழமை முதல் கிடங்கு.

மறுநாள் திங்கட்கிழமை. எனக்கும் விடுமுறை. அத்தான் மாத்திரை அட்டையை எப்போதும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்வார், விழுங்குவதும் அவராகத்தான். சட்டையோடு அதுவும் நனைந்துவிட்டதால் அக்கா பழைய அட்டையைத் தேடியெடுத்து முதல் தடவையாகத் தன் கையாலேயே மாத்திரையைப் பிரித்து, தண்ணீரோடு கொண்டுவந்து நீட்டினாள். அவர் மாத்திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இன்னிக்குத் திங்கக்கிழமைடி" என்றார்.

"அதுக்கு?"

"குளம் லீவு இல்ல?"

நான் செய்தித்தாளைக் கீழே வைத்தேன். அக்காவுக்குப் புரியவில்லை. எனக்கு மெல்ல மெல்லப் புரிய ஆரம்பித்தது. அத்தானுக்கு ஒளிக்கிற எண்ணமே இல்லை, பாவம். பச்சைக் குழந்தை மாதிரி விளக்கினார். திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போவதில்லை, படுத்துக்கிடக்கிறார், இதயத்துக்கு ஒரு சிரமமும் இல்லை. அதனால் அன்றைக்கு மாத்திரை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம், நாளெல்லாம் நடை, விசில், வெயில். அதனால் அன்றைக்குக் காலையில் ஒன்றுக்கு இரண்டு. செவ்வாய்க்கிழமை? காலையில் டாக்டர் பார்க்கப்போகிறார், சோதிக்கிற தண்ணீரில் புதுப் பவுடர் போட்டால் அளவு தப்பாகக் காட்டும், அதனால் பார்த்துவிட்டு வந்துதான் விழுங்குவார். இதில் என்ன தப்பு என்று அவர் என்னைக் கேட்டார்.

நான் எழுந்து நின்று கத்தத் தொடங்கினேன். ஊருக்கெல்லாம் உயிர்காக்கிற மனுஷன் தன் உயிரை வைத்துக் குளத்துக் கணக்கு போட்டுக்கொண்டிருக்கிறார் என்று ஏதேதோ கத்தினேன். அக்கா கையைக் காட்டி என்னை அடக்கினாள். அவள் குளத்துப் பக்கமே வந்தவள் இல்லை. ஆனால் முப்பது வருஷமாகச் சாப்பாட்டு நேரத்தில் குளத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ஏங்க, திங்கக்கிழமை பம்பை நிறுத்துவீங்களா?" என்று கேட்டாள்.

அவர் பதறிப்போனார். "பம்பை எப்படி நிறுத்தறது? ஒரு நாள் நின்னா தண்ணி செத்துடுமே."

"உங்க நெஞ்சு குளிக்க வர்ற ஆளா, இல்ல பம்பா?"

அத்தான் கையை நீட்டி மாத்திரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு ஒரு தடவை என்னிடம், "இனிமே இறங்கவே விடமாட்டாங்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் போனோம். நடந்ததை நான்தான் சொன்னேன். கோபப்படாமல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன், பாதியில் விட்டுப்போய்விட்டது. டாக்டர் கேட்டுக்கொண்டே வந்தார். திங்கட்கிழமை விடுமுறைக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தன் பக்கத்துத் தப்பைத்தான் முதலில் சொன்னார்: செவ்வாய்க்கிழமை மட்டும் பார்த்துவிட்டு அளவைக் கூட்டிக்கொண்டே போனேன், எப்போ எப்போ விழுங்குகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் என்றார். அப்புறம் நாற்காலியை அத்தான் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் சொன்னதை என் புத்திக்கு எட்டின அளவு சொல்கிறேன். மாத்திரையை விழுங்கினால் அது நேராக ரத்தத்துக்குப் போய்விடாது. வழியில் கல்லீரல் உட்கார்ந்திருக்கிறது, என்னைப் போல வாசலில். முதல் நாள் வருகிற மாத்திரையில் பெரும்பங்கை அது பிடித்து அழித்துவிடும், கொஞ்சம்தான் உள்ளே போகும். அதனால்தான் முதல் நாள் அத்தானுக்குப் பவுடர் பழசாகத் தெரிந்தது. ஆனால் முதல் மாத்திரை முழுசாகத் தீருவதற்குள் அடுத்தது வருகிறது, அது தீருவதற்குள் இன்னொன்று. வரிசை நீண்டால் வாசலில் இருக்கிறவளுக்குக் கை ஓயாது, பிடிபடாமல் உள்ளே நழுவுவது அதிகமாகும். அதே மாத்திரைதான், ஆனால் நாலாம் நாள் ஐந்தாம் நாள் முதல் நாளைவிட அதிகமாக ரத்தத்தில் சேரும். அப்படிச் சேர்ந்து சேர்ந்து ஒரு மட்டத்தில் நிற்கும்: தினமும் எவ்வளவு உள்ளே வருகிறதோ அவ்வளவு வெளியே போகும். அந்த மட்டம்தான் மருந்து. ஒரு தனி மாத்திரை மருந்து இல்லை என்றார்.

"அந்த மட்டத்துல இருக்கும்போது நீங்க ஒண்ணு கூட விழுங்கினா, அது ஒண்ணு கூடினதா இருக்காது" என்றார் டாக்டர். "கல்லீரலுக்கு ஏற்கெனவே கை நிறைய வேலை. கூட வர்றது தடுக்க ஆளில்லாம உள்ள போயிடும். அதான் ஞாயித்துக்கிழமை உங்களைக் கவுத்துடுச்சு."

"திங்கக்கிழமை?" என்றார் அத்தான்.

இதயத்தை விரட்டுகிற சரக்கு ஒன்று உடம்பிலேயே ஊறுகிறதாம். அது வந்து தட்டுகிற கதவுகளை மாத்திரை மூடிவைக்கிறது. கதவு மூடியிருக்கிறதே என்று உடம்பு சும்மா இருக்காது. மெதுவாக இன்னும் சில கதவுகளை வைத்துக்கொள்ளும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் பழைய கதவு, புதுக் கதவு எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும். ஒவ்வொரு வாரமும் ஞாயிறு ராத்திரி விழுங்கினவர் செவ்வாய் காலை வரை ஒன்றும் இல்லாமல் வந்து நிற்கிறார். மட்டம் அடியோடு இறங்கிவிட்டது, கதவெல்லாம் திறந்து கிடக்கிறது, நாடி ஓடாமல் என்ன செய்யும்? நான் அதைப் பார்த்து அளவைக் கூட்டினேன் என்றார் டாக்டர். இப்படியே இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் என்று ஆரம்பித்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அத்தான் சொன்னார்: "நாடி சரியா இருந்துச்சு டாக்டர். அதான் வேண்டாம்னு விட்டேன்."

"அது சரியா இருந்ததே மாத்திரையாலதானே" என்றாள் அக்கா. டாக்டர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

கூட்டின அளவையெல்லாம் எடுத்துவிட்டு, ஆரம்பத்தில் கொடுத்த மாத்திரையையே நிரந்தரமாக எழுதினார். கூட்டமோ வெயிலோ விடுமுறையோ, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. மறந்தால் அடுத்த வேளைக்குச் சேர்த்து இரண்டாக விழுங்கக்கூடாது. மேனேஜருக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: இன்னும் ஒரு மாதம் பொறுக்கவும், பிறகு சொல்கிறேன். இறங்கலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. அத்தான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாத்திரை அட்டையை அக்கா பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அந்த ஒரு மாதத்தில் எங்கள் வீட்டில் நடந்த அட்டகாசம் கொஞ்சமல்ல. காலையில் அக்கா மாத்திரையை அவர் வாயில் போடாத குறை. விழுங்கினபிறகு நாக்கை நீட்டிக் காட்டச் சொல்வாள். அவர் எனக்கு வாயைத் திறந்து காட்டி, "தீக்குச்சி, நீயும் ஒரு தடவை செக் பண்ணிக்கோ" என்பார். திங்கட்கிழமைகளில் மட்டும் விழுங்குவதற்கு முன்னால் ஒரு நொடி தயங்குவார், பழக்க தோஷம். வெளியூரில் இருக்கிற அவர்கள் மகள் போனில் கூப்பிட்டு, அப்பா, பம்பு ஓடுதா என்று கேட்பாள். எப்படி அவளுக்குத் தெரிந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

வாராவாரம் செவ்வாய்க்கிழமை டாக்டர் கைவைத்துப் பார்த்தார். முதல் வாரம் கொஞ்சம் ஓட்டம் இருந்தது. அடுத்த வாரம் இறங்கியது. அதற்கடுத்து எங்கே நின்றதோ அங்கேயே நின்றது. கடைசிச் செவ்வாய்க்கிழமை டாக்டர் நிமிர்ந்து, "இறங்குங்க" என்றார். முதல் நாள் இடுப்பளவு தண்ணீர் மட்டும், பக்கத்தில் ஒரு ஆள் கண்டிப்பாக வேண்டும். அத்தான் டாக்டரின் மேஜையிலிருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். மேனேஜருக்கு வேண்டிய வரியை நான்தான் கேட்டு வாங்கினேன்.

கோச்சம்மா கூட இருப்பாள் என்று நான் சொன்னேன். யாரும் எதிர்பார்க்காதபடி அக்கா, நான் வர்றேன் என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை, மேனேஜரிடம் சொல்லிவிட்டு, மூன்று பேரும் பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போனோம். காலை வெயில் ஓரத்தில் மட்டும் விழுந்திருந்தது. நானும் அத்தானும் படுதாவைச் சுருட்டினோம். தண்ணீர் அசையாமல் கிடந்தது. பம்பு ஓடுகிற முனகல் மட்டும் எங்கிருந்தோ கேட்டது. அக்கா என் பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள், அவளுக்கு அது இறுக்கம். படியில் உட்கார வைத்து அவருக்கு மாத்திரையைக் கொடுத்தாள், நாக்கைப் பார்த்தாள். பிறகு கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே, தன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குளத்தில் இறங்கினாள். இடுப்புக்குத் தண்ணீர் வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

அத்தான் நீந்தவில்லை. அவளுக்குப் பக்கத்தில் வந்து மெதுவாக மல்லாந்தார். அக்கா என்ன நினைத்தாளோ, கம்பியை விட்டுவிட்டு ஓர் அடி நகர்ந்து, அவர் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்தாள். அவர் எத்தனையோ பிள்ளைகளுக்குச் செய்ததை அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில் கேட்டதுதான்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு மிதந்தார். காது தண்ணீருக்குள் இருந்தது. முகத்தில் அந்தப் பழைய நிதானம் வந்துவிட்டது. நான் கரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கண்ணைத் திறக்காமலே, "எடுத்து எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்டார்.

"நான் எடுக்கலைங்க" என்றாள் அக்கா. "எடுக்கவும் மாட்டேன்."